ஆவியில் வெந்த சாட்சி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் லிஃப்டை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால், இரண்டு ஜன்னல் வைத்த ஓர் அறை வரும். ஒன்று அழுக்கு ஜன்னல், மற்றது சுத்த ஜன்னல். மேலே ஆபரேஷன் தியேட்டர்களில் ரத்தம் தோய்ந்த கத்தியும் கத்தரியும் இடுக்கியும் அழுக்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும். அவற்றைக் கழுவி, துடைத்து, காகித உறையில் போட்டு ஒட்டி, ஆவி மெஷினில் வேக வைத்துச் சுத்த ஜன்னல் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். உள்ளே வந்தது எதுவும் வேகாமல் வெளியே போகக் கூடாது. அந்த அறைக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அங்கே வேலை பார்த்தவளை எல்லோரும் ஆவியக்கா என்று கூப்பிட்டார்கள். பேய்க்கும் அதே பெயர்தானே என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கொஞ்ச நாள் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். வாய் சும்மா இருக்கும், கை சும்மா இருக்காது. வீட்டில் புருஷன் கழுவிக் கவிழ்த்த தட்டை அவள் எடுத்து இன்னொரு தரம் கழுவுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதற்காக மட்டுமே அவர்களுக்குள் நூறு சண்டை வந்திருக்கும். "விட்டா என்னையும் உறையில போட்டு வேக வெச்சிருப்பா" என்று அவன் லிஃப்ட் மெக்கானிக் சகாக்களிடம் சொல்லிச் சிரிப்பான். எதையாவது கையில் கொடுத்தால் யோசிக்காமல் கழுவிவிடுகிற அந்தப் பழக்கம்தான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாதபடி கவிழ்த்தது, அதுதான் கொடுமை.

விஷயம் லூப்பில் ஆரம்பித்தது. இரண்டு பிள்ளை போதும் என்று முடிவு செய்தபோது, டாக்டர் கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஒரு லூப்பைச் சொன்னாள். பழைய செம்புக் கம்பி லூப் இல்லை, ஹார்மோன் லூப். சின்னப் பிளாஸ்டிக்கில் 'டி' எழுத்து மாதிரி இருக்கும், எடுப்பதற்குக் கீழே ஒரு நூல் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கசியும், போட்டதே தெரியாது என்றாள். ஆவியக்கா போட்டுக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தங்கையிடம் போய், "நீயும் போட்டுக்கடி, நான் போட்டிருக்கேன்ல" என்றாள். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் கண்ணுக்கு அளவெடுக்கிறவள். ஆயிரம் பேருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி 'இது தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்கிறவள், அக்கா சொன்னால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அடுத்த வாரமே அதே டாக்டரிடம் போனாள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சாமான். இரண்டு பேருக்கும் கொடுத்த அட்டையில் தயாரிப்பு எண்கூட ஒன்றுதான்.

தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆவியக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்து அடிவயிற்றில் ஒரு குத்தல் தொடங்கியது. ஸ்கேனில் பார்த்தால் லூப் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியே நிற்கிறது. அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே, வயிற்றில் சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். எடுக்கும்போது இடுக்கி பிடித்த இடத்தில் லூப்பின் ஒரு கை ஒடிந்துவிட்டது. ஒடிந்த துண்டு குடலுக்கு நடுவே நழுவிப் போய், பின்னால் ஒரு பெரிய ரத்தக் குழாயை ஒட்டித் தங்கிவிட்டது.

"அது அங்கயே கிடக்கட்டும்" என்றார் சர்ஜன். "அதைத் தேடிப் போறது, அதுவா ஏதாச்சும் பண்றதைவிட ஆபத்து."

வெளியே வந்த பெரிய பாகத்தைத் தியேட்டர் நர்ஸ் ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். "உன்னோடதுதான் ஆவியக்கா, வேணும்னா வெச்சுக்கோ." வீட்டுக்குப் போகிற அன்று ஆவியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். கிண்ணத்தில் இருந்ததைக் கழுவினாள். காய்ந்த ரத்தத்தைச் சின்னப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். துடைத்தாள், உறையில் போட்டாள், டேப் ஒட்டினாள், மெஷினில் போகிற மற்ற சாமான்களோடு அதையும் வைத்தாள். வெந்து வெளியே வந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துணி அலமாரியில் வைத்தாள். ரத்தத்தோடு ஒரு சாமானை வீட்டுக்குள் கொண்டுபோக அவளால் முடியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிறகு ஒரு நாள் வக்கீலம்மா வந்தாள். அந்த லூப்பால் அடிபட்ட பெண்கள் அங்கங்கே இருந்தார்கள், சிலருக்குத் துளைத்திருந்தது, சிலருக்கு ஒடிந்திருந்தது, ஒருத்திக்குக் கர்ப்பப்பையையே எடுத்திருந்தார்கள். எல்லோரையும் தேடிப்பிடித்து, லூப் செய்த கம்பெனி மேல் வழக்குப் போட்டிருந்தாள் வக்கீலம்மா. டயர் கடைக்கு மேலே அவள் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். மேஜைமேல் ஃபைல்கள் சரிந்து கிடக்கும்.

"லூப்போட பிளாஸ்டிக் உடம்புக்குள்ள இருந்து இருந்து மொறுமொறுன்னு ஆயிடுதுங்கறதுதான் நம்ம கட்சி" என்றாள் வக்கீலம்மா. "அதை நிரூபிக்கணும்னா சாமானைச் சோதிச்சுப் பார்க்கணும். மத்தவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில குப்பையில போட்டுட்டாங்க. எடுத்து வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

ஆவியக்கா கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒட்டின இடம் நேராக, மடிப்பு நேராக, மேலே தேதியும் அவள் கையெழுத்தும் இருந்தன. வக்கீலம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அசந்துபோனாள்.

"எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க! உங்க வழக்கைத்தான் முதல்ல நடத்தப்போறேன். நீங்க ஜெயிச்சா எல்லாரும் ஜெயிச்ச மாதிரி."

உறையின் மூலையில் ஒட்டியிருந்த டேப்பில் கருப்புக் கோடுகள் தெரிந்தன. படித்த பொம்பளை, ஃபைல் ஃபைலாகப் புரட்டுகிறவள், அந்தக் கோடு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆவியக்காவும் சொல்லவில்லை, ஏனென்றால் அதில் சொல்ல ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. உறை ஒரு இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டது.

விசாரணைக்கு முன்னால் இரண்டு பக்கத்து வக்கீல்களும் உட்கார்ந்து அவளிடம் கேள்வி கேட்கும் நாள் வந்தது. கோர்ட் இல்லை, ஏதோ ஒரு கட்டடத்தில் நீளமான மேஜை போட்ட அறை. மூலையில் கேமரா. அவள் சொல்வதையெல்லாம் டைப் அடிக்க ஒரு பெண். கம்பெனி வக்கீல் நரைத்த மீசையும் மெதுவான குரலுமாக இருந்தார். கத்தப்போகிறார், அழ வைக்கப்போகிறார் என்று ஆவியக்கா தன்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். அவர் எழுந்து ஏசியின் காற்று அவள் மேல் நேராக அடிக்காதபடி திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்க வேலையைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. கொஞ்சம் சொல்லுங்களேன்."

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மேலே அறுவை செய்கிற டாக்டர்களுக்குக் கீழே ஒரு அறை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைகள்கூட 'அம்மா ஆஸ்பத்திரியில பாத்திரம் கழுவறாங்க' என்றுதான் சொல்வார்கள். ஆவியக்கா முதலில் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். அவர் ஆர்வமாகக் கேட்கக் கேட்க அவளுக்குச் சூடு பிடித்துவிட்டது. எப்படிக் கழுவ வேண்டும், மூட்டுக்குள் ஒளிந்திருக்கிற அழுக்கை எப்படி எடுக்க வேண்டும், உறையை எப்படி மடித்தால் உள்ளே ஆவி போகும் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

"அந்த மெஷினுக்குள்ள எவ்வளவு சூடு இருக்கும்மா?"

"கொதிக்கற தண்ணியெல்லாம் அதுகிட்ட பச்சத்தண்ணி சார். கிருமி ஒண்ணுகூட மிஞ்சாது."

"அடேயப்பா. அப்ப பிளாஸ்டிக் சாமானை எல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு வேற முறை இருக்கு. தாங்கற பிளாஸ்டிக் இருக்கு, தாங்காதது இருக்கு. தாங்காததை இதுல வெச்சா நெளிஞ்சிரும். சிலது வெளியில பார்க்க ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள இறுகிப்போய் அப்புறம் தொட்டாலே ஒடியும்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த வக்கீலம்மாவின் பேனா நின்றது. ஆவியக்கா அதைப் பார்த்தாள். ஏன் நின்றது என்று புரியவில்லை. கம்பெனி வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்து வைத்தார். அதற்குள், வக்கீலம்மா சாட்சிப் பொருளாக ஒப்படைத்திருந்த அவளுடைய உறை இருந்தது.

"இந்த உறை உங்க ரூம்ல இருக்கறதுதானேம்மா?"

"ஆமா சார்."

"இந்த டேப்புல கருப்பா கோடு இருக்கே, அது என்ன? கடையில வாங்கும்போதே அப்படித்தான் இருக்குமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டைப் அடிக்கிற பெண் விரலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இல்ல சார். வாங்கும்போது வெள்ளையா இருக்கும்."

"கருப்பானா என்னம்மா அர்த்தம்?"

"வெந்திருச்சுன்னு அர்த்தம்."

"நன்றிம்மா. எனக்கு வேற கேள்வி இல்லை."

அவர் எழுந்தார். எழும்போது அவர் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, அடிவயிற்றில் ஒரு கணம் நின்றது. அளவெடுப்பது போல நின்றது. ஆவியக்கா மடியில் இருந்த கைப்பையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

படியில் இறங்கும்போது வக்கீலம்மா வெடித்தாள். "ஏன் என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை!"

"நீங்க கேக்கலையே மேடம்."

"ஒரு சாட்சிப் பொருளை யாராவது கழுவுவாங்களா?"

"கழுவாம எப்படி மேடம் ஒருத்தர் கையில கொடுக்கறது?"

வக்கீலம்மா படியிலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்துக்குள் கம்பெனியின் கட்சி என்னவென்று தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் மொறுமொறுப்பாக இருக்கிறதா? இருக்கட்டும், வேக வைத்தால் இருக்கத்தான் செய்யும். இடுக்கி பிடித்ததும் ஒடிந்ததா? ஒடிந்திருக்கலாம், அந்த அம்மாவைச் சுற்றி எந்நேரமும் இடுக்கிகள், வலி தாங்காமல் அதற்கு முன்பே அவளே நூலை இழுத்து விரிசல் விட வைத்திருக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? வழக்கைத் திரும்பப் பெறாவிட்டால் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்போம். முதல் வழக்கு போனால் மற்றவையும் சீட்டுக்கட்டாகச் சரியும்.

புருஷன் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீ... இழுத்துப் பார்த்தியா?"

கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்லலாம், அவன் சம்பளத்துக்குச் சொல்கிறான். இவன் கேட்டது அவளைச் சுட்டது. அவள் அவனுடைய தட்டை எடுத்துக்கொண்டு போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, கழுவாமல் தொட்டியில் போட்டாள். அவன் பயந்துபோனான்.

அதற்கப்புறம்தான் அந்தப் பார்வை எல்லோரிடமும் தொற்றிக்கொண்டது. வக்கீலம்மா போன் செய்யாமல் நேரிலேயே வந்தாள். சோஃபாவில் உட்கார்ந்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். பேச்சு முகத்தில் ஆரம்பித்து வயிற்றில் போய் முடிந்தது.

"நான் உங்களை எதுவும் செய்யச் சொல்லல" என்றாள் கிளம்பும்போது. "செய்யச் சொல்லவும் மாட்டேன். ஆனா இன்னொரு துண்டு இருக்கில்ல? அதை யாரும் கழுவல."

இரண்டு நாள் கழித்து வழக்கில் இருந்த இன்னொருத்தி வந்தாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், கர்ப்பப்பையை எடுத்தது இவளுக்குத்தான். ஒரு பை ஆப்பிளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். சும்மாதான் பார்த்தாள். பார்த்த இடம்தான் ஆவியக்காவுக்குப் பொறுக்கவில்லை. சோஃபாவில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேன்காரி போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்க" என்றாள். எதற்கு என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் நிற்க ஆரம்பித்தது. அதில் ஒருவன் எந்நேரமும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் காய்கறிப் பையோடு வந்தால் போன் நிமிரும். மாடிப்படியில் துணிக்கூடையைத் தூக்கினால் போன் நிமிரும். கம்பெனி வைத்த ஆள் என்றாள் வக்கீலம்மா, இவளுக்கு வலி இருக்கிறதா இல்லையா என்று படம் பிடிக்கிறானாம். புருஷன் போய்க் கண்ணாடியைத் தட்டினான். உள்ளே இருந்தவன் மரியாதையாக வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் அதே இடத்தில் வேறு கார் நின்றது.

இது எதற்கும் ஆவியக்கா அசையவில்லை. வழக்குப் போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள். அவளை அசைத்தது தங்கை.

தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். எப்போதும் வாசலிலேயே பேசிக்கொண்டு வருகிறவள், செருப்பைக் கழற்றி ஓரமாக நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, என்னோடதுக்குக் காலம் முடியப்போகுது. எடுத்துடணும்னு அட்டையில போட்டிருக்கு. மூணு டாக்டரப் பார்த்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"உன் கேஸைச் சொன்னதும் மூணு பேரும் கையத் தூக்கிட்டாங்க. பிளாஸ்டிக் நல்லா இருந்தா நூலப் புடிச்சு இழுத்தா ஒரு நிமிஷத்துல வந்துடுமாம். மொறுமொறுன்னு ஆயிருந்தா இழுக்கும்போதே உள்ள பொடியாயிடுமாம். அப்புறம் மொத்தமா எல்லாத்தையும் எடுக்க வேண்டியதாயிடுமாம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு இன்னும் ஒரு குழந்தை வேணும்கா. அவர்கிட்டகூட இன்னும் சொல்லல."

"நல்லா இருக்கா இல்லையான்னு உள்ளயே வெச்சு எப்படிப் பார்க்கறது?"

"பார்க்க முடியாதாம். அதே பெட்டியில வந்த இன்னொண்ணைப் பார்த்தாத்தான் தெரியுமாம்." தங்கை நிமிர்ந்தாள். "உன்னோடது வெந்துபோச்சுல்ல."

அவள் அதைக் குத்திச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டு அவள் கண் இறங்கிய இடத்தை ஆவியக்கா பார்த்தாள். கூடப் பிறந்தவளின் கண்ணும் அங்கேதான் போனது. நான் போட்டிருக்கேன்ல, நீயும் போட்டுக்கடி. அன்று சொன்ன வாயை இன்று எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? ஆவியக்காவுக்குத் தங்கையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. எழுந்து போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள்.

சர்ஜன் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை. ஸ்கேன் படத்தை விளக்கு முன்னால் மாட்டி, பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் துண்டு. இது ரத்தக் குழாய். ரெண்டுக்கும் நடுவுல எதுவும் இல்ல. கை கொஞ்சம் நழுவினா டேபிள்லயே போயிடுவீங்க. கோர்ட்டுக்காக நான் யாரையும் அறுக்கறதில்ல."

"கோர்ட்டுக்காக இல்ல சார். என் தங்கச்சிக்காக."

அவர் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். புருஷனோடுதான் பெரிய சண்டை. "யார் கேட்டாங்க உன்ன? எல்லாரும் உன் வயித்தையே பார்த்தா அறுத்துக் காட்டிடுவியா?" என்று கத்தினான். கடைசியில் குரல் உடைந்து, "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். "அதுக்காகவா பண்ற?"

"இல்லைங்க" என்றாள். "நீங்க கேட்டதுக்குத் தண்டனை தனியா வெச்சிருக்கேன்." அவன் அழுகிற நேரத்திலும் சிரித்துவிட்டான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆவியக்கா வேலைக்குப் போனாள். தன்னை அறுக்கப்போகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் அவளே கழுவினாள். அவளே உறையில் போட்டாள். அவளே வேக வைத்தாள். கருப்புக் கோடு வந்ததா என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளோடு வேலை பார்க்கிறவன் ஒருவன் உண்டு, கண்ணாடியின் கனத்தால் சோடாபுட்டி என்று பெயர். அவன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தனக்குத்தானே பந்தி போடுற ஆள நான் இப்பத்தான் பார்க்கறேன்" என்றான்.

"வாய மூடு. நாளைக்கு அந்தத் தியேட்டர்லேருந்து எது வந்தாலும் நீ தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"கழுவக் கூடாது."

"ஆவியக்கா, கழுவினா என்ன ஆகும்ங்கறதுக்கு நீதான் உதாரணம். தொட மாட்டேன் போ."

ஆனாலும் அவள் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் 'கழுவாதே' என்று எழுதி அழுக்கு ஜன்னலின் குறுக்கே ஒட்டினாள். அந்த அறை பிறந்த நாளிலிருந்து அங்கே யாரும் எழுதியிராத வார்த்தை அது. எழுதும்போது அவளுக்குக் கை கூசியது.

மறுநாள் காலை அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது நடைபாதை நிறைய ஆட்கள் இருந்தார்கள். வக்கீலம்மா அரக்கு வைத்து மூடுகிற கண்ணாடிச் சாடியோடு நின்றாள். தங்கை ஆவியக்காவின் புருஷன் பக்கத்தில் நின்றாள். கம்பெனியிலிருந்து ஒரு ஆள் கேமராவோடு வந்திருந்தான், உள்ளே நடப்பது எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தது. கோடியில் நாற்காலியில் கம்பெனி வக்கீல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் கடந்துபோகும்போது எழுந்து நின்று கும்பிட்டார். பிணம் போகும்போதுகூட அப்படித்தான் எழுந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தியேட்டருக்குள் தட்டு திறக்கிற சத்தம் கேட்டது. தன் கையால் மடித்த உறை கிழிகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா? மூக்கில் மயக்க மருந்து மூடியை வைத்தார்கள்.

கண் விழித்தபோது முதலில் வலி தெரிந்தது. வலி தெரிந்ததால் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்தது. புருஷன் அவள் கையைப் பிடித்திருந்தான், அவன் முகம் ஒரே நாளில் வற்றிப்போயிருந்தது. வக்கீலம்மா, சர்ஜன், தங்கை எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள்.

"கிடைச்சுதா?" என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

சர்ஜன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. "கிடைச்சுது. ரத்தம் கொஞ்சம் போச்சு, சமாளிச்சுட்டோம். நீங்க பொழச்சுக்குவீங்க."

"முழுசா?"

"இடுக்கி பட்டதும் பொடிஞ்சுது. நான் அழுத்தக்கூட இல்ல. பழைய பிஸ்கட்டைத் தொட்ட மாதிரி உதிர்ந்துபோச்சு. பொடிப்பொடியாத்தான் சாடியில சேர்த்தோம். இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒரு சாமானப் பார்த்ததில்ல."

வக்கீலம்மாவால் பொறுக்க முடியவில்லை. குனிந்து அவள் தோளைப் பிடித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். "எல்லாம் படத்துல இருக்கு. அவங்க கேமராவே எடுத்திருக்கு. கழுவல, வேக வைக்கல, யாரும் இழுக்கல. அந்தப் பிளாஸ்டிக்கே அப்படித்தான். இனிமே அவங்களுக்குப் பேச வாயே இல்ல. ஜெயிச்சுட்டோம்மா, ஜெயிச்சுட்டோம்!"

வாசலில் கம்பெனி வக்கீல் நின்றிருந்தார். தோற்றவர் மாதிரி தெரியவில்லை. அடுத்த வேலையை யோசிக்கிறவர் மாதிரி தெரிந்தார். அவர் பார்வை ஆவியக்காவின் கட்டிலைத் தாண்டிப் போனது. இத்தனை நாள் தன் மேலேயே நின்ற அந்தப் பார்வை தன்னை விட்டு விலகியதை அவள் உடம்பே உணர்ந்தது. எங்கே போகிறது என்று அவளும் திரும்பினாள்.

சர்ஜன் ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனும் பார்த்தான், சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். வக்கீலம்மா ஆவியக்காவின் தோளை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் தங்கை நின்றாள். ஜெயிச்சுட்டோம் என்ற வார்த்தைக்கு வந்த சிரிப்பு இன்னும் அவள் உதட்டில் இருந்தது. பொடிஞ்சுது என்ற வார்த்தை இப்போதுதான் அவளிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அங்கே பார்க்கக் கூடாது என்று ஆவியக்கா நினைத்தாள். நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டாள்.

தங்கை அக்காவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு தோளில் தொங்கிய கைப்பையை மெதுவாக இழுத்து, வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.